தோள் கொடுத்தவர்க்கு ஈடு

இடுக்கண் உற்றவருக்குத் துணை நிற்பதைத் 'தோள் கொடுத்தல்' என்று தமிழர் வழங்குவர். தடுப்பூசி போட்டுக்கொள்ளும் ஒருவர் இதனை நேர்ப்பொருளிலேயே செய்கிறார். தம் தோளை ஊசிக்குக் கொடுக்கிறார்; அதனால் அவர் காக்கப்படுவதோடு, அண்டை வீட்டுக் குழந்தையும் சந்தையில் அவரோடு இடித்துக்கொண்டு செல்லும் முன்பின் அறியாதவரும் காக்கப்படுகின்றனர். 1975-ஆம் ஆண்டோடு இந்தியாவில் பெரியம்மை அற்றுப்போயிற்று என்றால், அது கோடிக்கணக்கான மக்கள் கொடுத்த தோளினால் விளைந்த நன்மையேயாகும்.

அவ்வாறு கொடுத்த தோளுக்கே, மிக அரிதாக, ஒரு தீங்கு நேர்வதுண்டு. அத்தீங்குக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் யார்? அந்த ஈட்டைப் பெறும் வழி யாது? திருக்கோவிலூரில் வழக்குரைஞர் தொழில் புரியும் நான் இவ்விரு வினாக்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் அத்தீங்கு இன்னதென்று தெரிந்துகொள்வோம். ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் வலிப்பதும், சற்றே வீங்குவதும், உடல் காய்வதும் இயல்பு. அவை தாமே நீங்கிவிடும். அவற்றை நான் தீங்கு என்று சொல்லவில்லை. நம் தோளின் புறத்தே முக்கோண வடிவில் ஒரு தசை இருக்கிறது; மருத்துவர்கள் அதனை 'டெல்டாய்டு' என்பர். பெரியவர்களுக்குத் தடுப்பூசி போடுவதற்கு உரிய இடம் அத்தசையின் நடுப்பகுதி. தோளின் உச்சியில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே அவ்விடம் அமைந்துள்ளது. அதற்கு மேலே, தசைக்கும் எலும்புக்கும் இடையில், மூட்டு உராயாமல் காக்கும் வழவழப்பான நீர்ப்பை ஒன்று உண்டு. ஊசி மிக உயரத்தில் ஏறிவிட்டால், தசைக்குள் செல்ல வேண்டிய மருந்து அந்த நீர்ப்பைக்குள் சென்றுவிடுகிறது. மருந்தை எதிர்த்து உடல் எழுப்பும் அழற்சி அங்கேயே மூண்டு நிலைபெறுகிறது. கையை உயர்த்த இயலாது. பின்புறம் வளைக்க இயலாது. இரவில் அப்பக்கம் சாய்ந்து உறங்கவும் இயலாது. சிலருக்கு இத்துன்பம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட நீடிக்கிறது.

இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. மருந்தில் குற்றமில்லை, மருந்து சென்று சேர்ந்த இடமே தவறாகிவிட்டது. ஊசி போடுபவர் நின்றுகொண்டும் போட்டுக்கொள்பவர் அமர்ந்துகொண்டும் இருந்தால் ஊசி மேலே ஏறிவிடுவது எளிது. சட்டையைக் கழற்றாமலும் கைப்பகுதியைச் சுருட்டாமலும், கழுத்துப் பக்கமிருந்து துணியை இழுத்துத் தோளைக் காட்டினாலும் அவ்வாறே ஆகும். இருவரும் அமர்ந்திருப்பதும், தோள் முழுவதும் தெரியும்படி ஆடையை விலக்குவதும் செலவில்லாத காப்புகளாகும்.

இத்துன்பத்துக்கு ஒரு பெயர் கிடைத்ததே அண்மையில்தான். அமெரிக்க நாட்டில் இழப்பீடு கோரிய பதின்மூவரின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த மருத்துவர் குழு ஒன்று, 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. தடுப்பூசி செலுத்தியமையால் நேரும் தோட்பட்டைக் காயம் என்று அதற்குப் பெயர் சூட்டிற்று. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் 'சிர்வா' என்று சுருக்கி வழங்குகின்றனர். நம் ஊர்ப்புறத்திலோ இதனை வாயுப் பிடிப்பு என்றும், சுளுக்கு என்றும் சொல்லி எண்ணெய் தேய்த்துவிட்டு இருந்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தென்பெண்ணைக் கரையில் உள்ள சிற்றூரிலிருந்து ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். நடவும் களையெடுப்பும் அவருக்குத் தொழில். கருவுற்றிருந்தபோது இரணஜன்னியைத் தடுக்கும் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். அன்று மாலையே தோள் கடுத்தது. பிறகு கை தலைக்கு மேல் எழவில்லை. குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகியும், அதனை இடக்கையால் தூக்க அவரால் முடியவில்லை. ஒரு நடவுப் பருவத்துக் கூலி முழுவதும் போயிற்று. அவருடைய கணவர்தாம் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார்.

வழக்கென்றால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவருக்கு விளக்கினேன். ஊசி போட்ட செவிலியர் கவனக்குறைவாக நடந்தார் என்று குற்றம் சாட்ட வேண்டும்; அதனை மெய்ப்பிக்கவும் வேண்டும் என்றேன். அதைக் கேட்ட அந்த அம்மையார், "ஐயா, எங்க ஊருப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் ஊசி போட்டது அந்த நர்சம்மாதான். மழையிலேயும் வெயிலிலேயும் நடந்து வந்தவங்க. அவங்க மேலே பழி போட்டுத்தான் எனக்குப் பணம் வரும்னா, அந்தப் பணம் எனக்கு வேணாம்" என்று சொல்லி எழுந்துவிட்டார். வழக்கு அவ்வளவில் நின்றது. பயிற்சியாலும் நாட்செலவாலும் கை ஓரளவு தேறிற்று என்று பின்னர் அறிந்தேன். ஆனால் இழந்த கூலியை யாரும் தரவில்லை.

அந்த அம்மையார் சட்டம் படித்தவரல்லர். எனினும், நம் சட்டத்தின் குறை எங்கே இருக்கிறது என்பதை ஒரே சொல்லில் காட்டிவிட்டார். தீங்குற்றவர் ஈடு பெற வேண்டுமாயின் வேறொருவரைக் குற்றவாளியாக்கியே தீர வேண்டும் என்பதுதான் அக்குறை.

இனி, நம் நாட்டில் இன்றுள்ள வழிகளைப் பார்ப்போம்.

தனியார் மருத்துவமனையில் பணம் கொடுத்து ஊசி போட்டுக்கொண்டவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், தீங்கு நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முறையிடுபவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடவும் உரிமை உண்டு. ஆனால் நம் நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் அரசு நிலையங்களில் இலவசமாகவே தடுப்பூசி பெறுகின்றனர். அவர்கள் நிலை என்ன? 1995-இல், இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி. பி. சாந்தா என்பவருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாக மருத்துவம் செய்யும் நிலையமாயின், இலவசமாகப் பெற்றவரும் நுகர்வோரே. எல்லோருக்கும் எல்லாமும் இலவசமாகவே வழங்கும் நிலையமாயின், அங்கு மருத்துவம் பெற்றவர் இச்சட்டத்தின்படி நுகர்வோர் ஆகமாட்டார். ஆக, காசு கொடுத்தவருக்கு எளிய வாயில் திறந்திருக்கிறது. கூலி வேலை செய்யும் ஏழைக்கு அந்த வாயில் அடைபட்டிருக்கிறது.

அவருக்கு எஞ்சியிருப்பது உரிமையியல் நீதிமன்றம். அரசின்மேல் வழக்கிடுவதற்கு முன் இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கோரும் தொகைக்கு ஏற்பக் கட்டணம் செலுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டும். மருத்துவத் தொழிலில் கவனக்குறைவு என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2005-இல், ஜேக்கப் மேத்யூ வழக்கில், உயர்ந்த அளவுகோல் ஒன்றை வகுத்திருக்கிறது. தீய விளைவு நேர்ந்தது என்பது மட்டும் போதாது. அத்தொழிலில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் அவ்வாறு செய்திருக்கமாட்டார் என்பதைக் காட்ட வேண்டும். அரசு ஊழியரின் தவற்றுக்கு அரசே பொறுப்பு என்பதை அந்நீதிமன்றம் 2000-இல் ஹரியானா மாநில வழக்கொன்றில் உறுதி செய்தது உண்மைதான். கருத்தடை அறுவை பயனற்றுப்போன ஓர் ஏழைத் தொழிலாளிப் பெண்ணுக்கு அவ்வழக்கில் ஈடு கிடைத்தது. எனினும் அங்கும் தவறு மெய்ப்பிக்கப்பட்ட பிறகே பணம் கிடைத்தது. ஊசி ஒரு விரற்கடை மேலே சென்றது என்பதை, எட்டு மாதம் கழித்து, தழும்புகூட இல்லாத தோளில் எவ்வாறு மெய்ப்பிப்பது?

கொரோனாத் தடுப்பூசியின் பின் இறந்த இரு இளம்பெண்களின் பெற்றோர் உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது, மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு நவம்பரில் தாக்கல் செய்த பதிலிலும் இந்த நிலைப்பாடே காணப்பட்டது. தடுப்பூசி கட்டாயமன்று என்றும், தீங்குற்றவர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் அரசு அன்று கூறிற்று.

யார் குற்றம் என்று தேடிப் புறப்பட்டால் அத்தேடல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1902-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், அன்றைய பஞ்சாபில் மல்கோவால் என்னும் ஊரில் பிளேக் தடுப்பூசி போட்டார்கள். ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் இரணஜன்னி கண்டு இறந்தனர். பம்பாயில் அம்மருந்தை ஆக்கிய அறிஞர் ஹாஃப்கின்மீது பழி விழுந்தது, அவர் பதவியிழந்தார். குப்பியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்தது என்பதும், அது செவ்வையாகத் தூய்மை செய்யப்படாமலே பயன்பட்டது என்பதும் பின்னரே கவனத்துக்கு வந்தன. 1907-இல் ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் வெளிப்படையாக எழுதிய பிறகே அவர்மேல் இருந்த களங்கம் நீங்கிற்று. குற்றம் ஆய்வுக்கூடத்ததா, ஊரில் நேர்ந்ததா என்ற வாதத்திலேயே ஐந்தாண்டுகள் கழிந்துபோயின.

இவ்வாதத்தை ஒதுக்கிவைத்து ஈடு வழங்க இயலுமா? இயலும் என்று பிற நாடுகள் காட்டியிருக்கின்றன. மேற்கு ஜெர்மனி 1961-இலும், பிரிட்டன் 1979-இலும் தடுப்பூசித் தீங்குக்குச் சட்டம் செய்தன. பிரிட்டனில் நூற்றுக்கு அறுபது பங்கு ஊனம் நேர்ந்தாலன்றிப் பணம் கிடையாது. தோள்வலிக்கு அங்கே வழி காண்பது அரிது. நாம் பேசும் பொருளுக்கு நெருங்கியது அமெரிக்க நாட்டின் முறையே.

1980-களில் அந்நாட்டில் தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குகள் பெருகின. சில நிறுவனங்கள் மருந்து ஆக்குவதையே கைவிட்டன. குழந்தைகளுக்கு ஊசி கிடைக்காமற் போகுமோ என்னும் அச்சம் எழுந்தது. எனவே 1986-இல் ஒரு சட்டம் இயற்றினர். 1988-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வேளை மருந்தின்மீதும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வீதம் வரி விதித்து ஒரு நிதியம் திரட்டுகின்றனர். தீங்குற்றவர் செவிலியர்மீதோ மருத்துவர்மீதோ வழக்கிடுவதில்லை. நாட்டின் சுகாதாரத் துறைச் செயலாளரை எதிர்த்தே கோரிக்கை வைக்கிறார். கோரிக்கையில் தோற்றாலும், அது நல்லெண்ணத்தோடும் தக்க அடிப்படையோடும் வைக்கப்பட்டிருந்தால், வழக்குரைஞர் கட்டணத்தை நிதியமே கொடுத்துவிடுகிறது.

அச்சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. இன்ன தடுப்பூசிக்குப் பின், இன்ன காலத்துக்குள், இன்ன தீங்கு தோன்றினால், அத்தீங்கு ஊசியால் விளைந்ததென்றே கொள்ளப்படும் என்று அது வகுத்துரைக்கிறது. 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தோட்பட்டைக் காயமும் அதில் சேர்க்கப்பட்டது. அதற்குரிய நிபந்தனைகள் நான்கு. முன்னர் அத்தோளில் நோய் இருந்திருத்தல் கூடாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளில் மட்டுமே இருக்க வேண்டும். வேறு நோய் எதுவும் அதற்குக் காரணமாக இருத்தல் கூடாது. பொது விதியாக, துன்பம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும் என்பதும், முதற்குறி கண்ட மூன்று ஆண்டுக்குள் கோர வேண்டும் என்பதும் உண்டு. இந்நிபந்தனைகளில் எங்கேனும் செவிலியர் தவறு செய்தாரா என்ற வினா இருக்கிறதா? இல்லை. நாள், தோள், வலி தொடங்கிய நேரம் ஆகிய மூன்றையுமே சட்டம் கேட்கிறது.

அமெரிக்க முறை குறையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. தோட்பட்டைக் கோரிக்கைகள் பெருகியதால் அதனை அட்டவணையிலிருந்து நீக்கிவிட, 2021 ஜனவரியில் ஆட்சியாளர் விதி செய்தனர். அடுத்து வந்த ஆட்சி ஏப்ரலில் அதனைத் திரும்பப் பெற்றது. கொரோனாத் தடுப்பூசியை இந்த முறையில் சேர்க்காமல், ஓராண்டே கெடுவுள்ள வேறொரு முறையில் வைத்தனர். எனினும், அடிப்படை நெறி நாம் எடுத்துக்கொள்ளத் தக்கதே.

அந்நெறி நமக்குப் புதியதும் அன்று. வேலை செய்கையில் காயமுற்ற தொழிலாளிக்கு, முதலாளியின் தவற்றைக் காட்ட வேண்டாமலே ஈடு தருவதை 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஏற்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் இன்றைய 164-ஆம் பிரிவின்படி, ஓட்டுநர் தவற்றை மெய்ப்பிக்காமலே, உயிரிழப்புக்கு ஐந்து லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் பெறலாம். கருத்தடை அறுவையால் இறப்போ சிக்கலோ நேர்ந்தாலும், அறுவை பயனற்றுப்போனாலும் ஈடு வழங்கும் திட்டத்தை, உச்ச நீதிமன்றத்தின் ஆணையை ஒட்டி, 2005 முதல் மத்திய அரசு நடத்தி வந்திருக்கிறது. மருந்துச் சோதனைக்கு உட்பட்டவர்க்கு அச்சோதனையால் தீங்கு நேர்ந்தால், யார் தவறு என்று கேளாமலே ஈடு தர வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இவற்றை எண்ணிப் பாருங்கள். ஒரு தடுப்பூசி சோதனையில் இருக்கும்போது தோள் கொடுத்தவருக்கு ஈடு உண்டு. அதே தடுப்பூசி நாட்டு மக்களுக்கெல்லாம் வழங்கப்படும்போது தோள் கொடுத்தவருக்கு அந்த உரிமை இல்லை. எல்லாத் தடுப்பூசிக்கும் பொதுவான, அட்டவணையோடு கூடிய சட்டம் ஒன்றை நம் நாடாளுமன்றம் இயற்றியதில்லை.

இவ்வாறு பேசினால் மக்கள் தடுப்பூசிக்கு அஞ்சுவார்களே என்று சிலர் கேட்கக்கூடும். என் கருத்து இதற்கு மாறானது. தீங்கை மறைக்கும்போதுதான் வதந்தி பிறக்கிறது. 'உனக்கு ஒன்று நேர்ந்தால் நாங்கள் இருக்கிறோம்' என்று அரசு எழுதிக் கொடுத்துவிட்டால், மக்கள் தயங்காது முன்வருவர். பொய்க் கோரிக்கைகள் பெருகும் என்பது இரண்டாவது தடை. சர்க்கரை நோயாளிக்கு ஊசியில்லாமலே தோள் இறுகிப்போவதுண்டு, இது மெய்தான். அதனால்தான் 48 மணி நேரம் என்றும், முன்னர் நோயில்லாத தோள் என்றும் வேலி கட்டியிருக்கிறார்கள். செவிலியர் கவனம் குறைந்துவிடுவர் என்பது மூன்றாவது தடை. பழிக்கு அஞ்சுபவர் நேர்ந்ததை மறைப்பார். பழி வராது என்று அறிந்தவரோ, எவ்வாறு நேர்ந்தது என்று சொல்லுவார். சொன்னால்தானே அடுத்த ஊசி சரியான இடத்தில் விழும்?

அத்தகைய சட்டம் வரும் வரையில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ஊசி போட்டுக்கொள்ளச் செல்லும்போது தோளை எளிதில் காட்டக்கூடிய ஆடை அணிந்து செல்லுங்கள். எந்த நாள், எந்த ஊசி, எந்தக் கை என்பதைத் தாய் சேய் நல அட்டையிலோ ஒரு தாளிலோ எழுதி வாங்குங்கள். வலி மூன்று நாளைக் கடந்தும் குறையாமல், கையும் உயராவிட்டால், எண்ணெய் தேய்த்துக் காலம் போக்காமல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் செல்லுங்கள். வலி எப்போது தொடங்கியது என்பதை அவர் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். தடுப்பூசிக்குப் பின் நேரும் தீய விளைவுகளைப் பதிந்து ஆராய மாவட்டந்தோறும் குழு இருக்கிறது. மருந்தின் இயல்பா, மருந்தின் தரக்குறைவா, செலுத்திய முறையில் நேர்ந்த பிழையா, அச்சத்தால் வந்ததா, தற்செயலாக உடன் நேர்ந்ததா என்று அது வகைப்படுத்தும். அக்குழு பணம் வழங்காது. ஆனால் அதன் பதிவு நாளைக்கு நீதிமன்றத்தில் பேசும்.

வழக்குச் செலவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கும், பட்டியல் சாதியினர்க்கும், பழங்குடியினர்க்கும், உடல் ஊனமுற்றோர்க்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி உண்டு. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் அனைவரும் இவ்வுரிமைக்கு உரியவர்களே. வெள்ளிமலையிலிருந்து நீதிமன்றம் தொலைவு என்று எண்ணுவோர், 15100 என்ற தொலைபேசி எண்ணில் முதலில் ஆலோசனை கேட்கலாம்.

இவையெல்லாம் சிறு துணைகளே. முழுத் தீர்வு சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் வகுக்க வேண்டியது. கிராம சபைகளிலும் பொது மேடைகளிலும் நாம் கேட்க வேண்டியது சலுகையன்று. பொது நன்மைக்காக ஒருவர் ஏற்ற துன்பத்தைப் பொதுமக்கள் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் முறை. ஊசி போட்ட செவிலியரும் தலை குனியாமல், போட்டுக்கொண்டவரும் கூலியிழந்து வாடாமல் இருக்கும்படி அம்முறை அமைய வேண்டும். இருவரும் மறுநாள் அதே ஊரில் ஒருவரையொருவர் பார்த்து வாழ வேண்டியவர்கள் அன்றோ?